சிறு நிறுவனங்களில் பி.எஃப்.: முதலாளி பங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாகச் சிறிய நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். லேத் பட்டறை, அச்சகம், துணிக்கடை, இருபது படுக்கை கொண்ட மருத்துவமனை என்று பலவகை. மாதத்தில் பத்தாம் தேதி தாண்டிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி பி.எஃப். பற்றித்தான். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இவை இந்தியாவில் ஊழியர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் வரும் தனியார் நிறுவனங்களுக்கானவை.

எங்களிடம் 18 பேர்தான் வேலை பார்க்கிறார்கள். பி.எஃப். கட்டாயமா?

20 பேர் என்பதுதான் எல்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே எண்ணிக்கை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

ஆனால் 18 என்று எப்படி எண்ணினீர்கள் என்று முதலில் பாருங்கள். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவர்களை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு தப்பு. தினக்கூலி, பீஸ் ரேட்டில் தைப்பவர், காண்ட்ராக்டர் அனுப்பும் வாட்ச்மேன், காலையில் இரண்டு மணி நேரம் வந்து கூட்டிப் பெருக்குபவர் எல்லோரும் எண்ணிக்கையில் வருவார்கள். தனி உரிமையாளரோ கூட்டாளிகளோ வரமாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் பதிவு செய்த தேதியிலிருந்து அல்ல, 20 பேரை எட்டிய தேதியிலிருந்தே சட்டம் பொருந்தும். அப்புறம் நாலு பேர் வேலையை விட்டுப் போய் 16 ஆனாலும் கட்டுவதை நிறுத்த முடியாது.

20க்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. வழி உண்டா?

உண்டு. இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாகவே முன்வந்து பி.எஃப்.பில் சேரலாம். சேர்ந்த பின் மாதாமாதம் கட்டுவது கடமையாகிவிடும், நல்ல மாதம் கெட்ட மாதம் என்று பார்க்காது. வருமானம் சீராக வராத தொழில் என்றால் ஒரு வருடத்துக்கான தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அது பாரமாகத் தோன்றினால் தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. முதலாளி தன் பங்காகக் கட்டுவதை, பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் 14% வரை வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். குறைந்த சம்பளக்காரர்கள் என்றால் அடல் பென்ஷன் யோஜனா. 18 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, கட்டிய அளவைப் பொறுத்து வரும். இதில் முதலாளி பங்கு என்று ஒன்று கிடையாது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சக உரிமையாளர் அந்தத் தவணைத் தொகையை ஒவ்வொருவர் சம்பளத்திலும் கூட்டிக் கொடுத்துவிட்டு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்து வைத்திருக்கிறார். எளிய ஏற்பாடு, நன்றாக ஓடுகிறது.

முதலாளி கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும்?

எல்லோரும் 12% என்பார்கள். சரியான எண் 13%. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 14,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவர் சம்பளத்தில் பிடிப்பது 12%, அதாவது 1,680 ரூபாய். அது முழுவதும் அவருடைய பி.எஃப். கணக்குக்குப் போகும்.

நீங்கள் போடுவதும் 1,680 ரூபாய்தான். ஆனால் அது இரண்டாகப் பிரியும். 8.33%, அதாவது 1,166 ரூபாய் ஓய்வூதிய நிதிக்கு. மீதி 514 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்குக்கு. "முதலாளி ஏமாற்றுகிறார், என் பாஸ்புக்கில் அவர் பங்கு 514தான் ஏறியிருக்கிறது" என்று தொழிலாளி சண்டைக்கு வருவது இதனால்தான். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி தனியாக இருக்கும், அதைத் திறந்து காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இதன் மேல் ஈ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுக்கு 0.5%, நிர்வாகக் கட்டணம் 0.5%. தலா 70 ரூபாய். இரண்டும் முதலாளி தலையில்தான், தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. ஆக உங்கள் கையிலிருந்து போவது 1,820 ரூபாய்.

நிர்வாகக் கட்டணத்தில் சின்ன நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து மாதம் குறைந்தது 500 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து பேருக்குத் தலா 10,000 சம்பளம் என்றால் 0.5% என்பது 250 ரூபாய்தான், ஆனால் சலான் 500 கேட்கும்.

பீடி, செங்கல், சணல், தென்னை நார் போன்ற சில தொழில்களுக்கும், 20 பேருக்குக் கீழே உள்ள நிறுவனங்களுக்கும் 12%க்குப் பதில் 10% என்ற சலுகை உண்டு.

சம்பளம் 15,000க்கு மேல் என்றால்?

முதல் முறையாக வேலைக்கு வரும்போதே பி.எஃப். சம்பளம் (பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்தது) 15,000ஐத் தாண்டியிருந்து, ஏற்கெனவே எங்கும் பி.எஃப். உறுப்பினராக இல்லாவிட்டால், அவரைச் சேர்ப்பது கட்டாயமில்லை. முந்தைய வேலையில் கணக்கு இருந்து அதை முடிக்காமல் வந்திருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் படிவம் 11 வாங்கி வைப்பது இதற்காகத்தான். அந்த ஒரு தாள் கோப்பில் இல்லாமல் பின்னாளில் திண்டாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வந்த பிறகு சம்பளம் 15,000ஐத் தாண்டினால் வெளியே போக முடியாது. ஆனால் பங்களிப்பை 15,000க்கே நிறுத்திக்கொள்ளலாம். அப்போது இருவர் பங்கும் தலா 1,800. அல்லது முழுச் சம்பளத்துக்கும் கட்டலாம். 20,000க்குக் கட்டினால் தலா 2,400, அதில் பென்ஷனுக்குப் போவது எப்படியும் 1,250ஐத் தாண்டாது, மிச்சம் 1,150 பி.எஃப். கணக்கில் சேரும். நடுவில் ஆளுக்கொரு முறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதி வைத்தால் மனக்கசப்பு வராது.

2014 செப்டம்பர் 1க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர், சேரும்போதே 15,000க்கு மேல் வாங்கினால் அவருக்குப் பென்ஷன் திட்டம் பொருந்தாது. முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப்.புக்கே போக வேண்டும்.

பேசிக்கைக் குறைத்து அலவன்ஸாகப் பிரித்துக் காட்டினால் மிச்சமாகுமே?

இந்தக் காலம் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கும் படி எதுவானாலும் அது பேசிக் சம்பளமே என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. புதிய சட்டத் தொகுப்பு இன்னும் நேரடியாகவே சொல்கிறது: கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் 50%ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கொள்ளப்படும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 14,000 வாங்குபவரின் பேசிக்கை 7,000 என்று எழுதினால் அவருடைய ஓய்வுக்காலப் பணத்தில் பாதியைத் துடைத்துவிட்டோம். அவரிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டுச் செய்ய முடியாத காரியம் அது.

முதலாளி பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாமா?

கூடாது. பி.எஃப். வந்துவிட்டது என்று சொல்லி, ஏற்கெனவே கொடுத்துவந்த சம்பளத்தைக் குறைப்பதையும் சட்டம் தடுக்கிறது. புதிதாக ஆள் எடுக்கும்போது "மொத்தச் செலவு இவ்வளவு, இதில் எங்கள் பங்கு இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு" என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். "பதினைந்தாயிரம் தருகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு முதல் மாதம் 12,000 சொச்சம் கையில் கொடுத்தால் அந்த ஆள் மூன்றாம் மாதம் நிற்கமாட்டார்.

தொழிலாளியே "எனக்கு பி.எஃப். வேண்டாம், கையில் கொடுங்கள்" என்கிறார். எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

போதாது. சட்டப்படி சேர வேண்டியவர் எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிகிறது. மாதம் 1,680 ரூபாய் என்பது வீட்டு வாடகையில் பாதி. ஒரு தடவை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். அவர் போடுவதற்குச் சமமாக நீங்களும் போடுகிறீர்கள், சேர்ந்த பணத்துக்கு வட்டி உண்டு (2024-25க்கு 8.25%), பத்து வருட சேவை முடிந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன், வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு. அவருடைய போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து காட்டினால் பத்து நிமிடப் பேச்சுக்கு மேல் பலன் தரும்.

15ஆம் தேதி தாண்டினால் என்ன ஆகும்? பார்ட்டி பணம் 20ஆம் தேதிதான் வருகிறது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். முன்பு ஐந்து நாள் சலுகை இருந்தது. 2016 பிப்ரவரியோடு அது நின்றுவிட்டது. பழைய கணக்காளர்கள் சிலர் இன்னமும் 20ஆம் தேதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பி.எஃப். சம்பளம் மொத்தம் 2,00,000 ரூபாய் உள்ள நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சலான் 50,000. இதில் 24,000 தொழிலாளர்களிடம் பிடித்தது, 26,000 உங்களுடையது. மூன்று மாதம் தாமதமானால் ஆண்டுக்கு 12% வீதம் வட்டி 1,500. அதோடு அபராதம் மாதத்துக்கு 1% வீதம் இன்னொரு 1,500. இந்த 1% விகிதம் 2024 ஜூனில் வந்தது, அதற்கு முன் தாமதம் நீள நீள ஆண்டுக்கு 25% வரை போகும். "மூவாயிரம்தானே, வங்கிக் கடனுக்கும் அதே அளவுதான் வட்டி" என்று சிலர் சொல்வார்கள்.

அடி வேறு இடத்திலிருந்து வரும். தொழிலாளியிடம் பிடித்த தொகையை அந்தக் கெடுத் தேதிக்குள் கட்டாவிட்டால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி அதைச் செலவாகக் காட்டவே முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் பொருந்தும் ஆண்டுகளுக்கு, ஒரு நாள் தாமதமானாலும் அந்த 24,000 உங்கள் வருமானத்தில் ஏறிவிடும். உங்கள் சொந்தப் பங்கான 26,000க்கு அவ்வளவு கடுமை இல்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் கழிக்கலாம்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு முழுக்கவே கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடி, குற்ற வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவில் இது விளக்கமாகவே இருக்கிறது.

நான் பார்க்கும் நிறுவனங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, சம்பளம் போடும் அன்றே இரண்டு பங்கையும் அதில் மாற்றிவிடுங்கள். 7ஆம் தேதி சம்பளம் என்றால் 7ஆம் தேதியே. அந்தக் கணக்கின் காசோலைப் புத்தகத்தை வாங்கவே வேண்டாம். நூல் வாங்க, மின் கட்டணம் கட்ட என்று அதில் கை வைக்க வழி இருக்கக் கூடாது. பிடித்த அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் பணம் இல்லை. 14ஆம் தேதி இரவு இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் 12ஆம் தேதியே முடித்துவிடுவது நல்லது.

பெயர் பொருந்தவில்லை என்று யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான தனி எண்) நிராகரிக்கப்படுகிறது. ஏன்?

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அது முன்னால் வரலாம், பின்னால் வரலாம், புள்ளியோடு வரலாம், விரிவாக அப்பா பெயராகவும் வரலாம். மனிதர் பார்த்தால் எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர்.

தையல் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணக்கை ஒரு முறை சரி செய்தேன். செல்வி என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியில் சேரும்போது அப்பா இனிஷியலோடு "எஸ். செல்வி". கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல், "செல்வி எம்". வங்கிக் கணக்கில் வெறும் "செல்வி". புதிய கம்பெனியில் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிட்டார்கள். ஒரே பெண், இரண்டு யூ.ஏ.என்., மூன்று பெயர். மகள் படிப்புக்காக முன்பணம் கேட்டு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, ஆறு வருடப் பணம் பழைய எண்ணில் தனியாகக் கிடக்கிறது என்று. திருத்தம் கேட்டு, பழைய கம்பெனி ஒப்புதல் வாங்கி, இரண்டையும் இணைத்து முடிக்க நான்கு மாதம் ஆனது. கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார்.

வேலைக்குச் சேரும் நாளிலேயே ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இது நடந்திருக்காது. ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே, இனிஷியல் எங்கே இருக்கிறதோ அங்கேயே பதியுங்கள். பிறந்த தேதியும் அப்படியே. "முன்பு எங்காவது பி.எஃப். பிடித்தார்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பலருக்கு எண் நினைவில் இருக்காது, பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். புதிய யூ.ஏ.என். என்றால் 2025 ஆகஸ்ட் முதல் தொழிலாளியே அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி உருவாக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

காண்ட்ராக்டர் ஆட்களுக்கு நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

அவர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்கள் மேல் விழும். அவருடைய பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் முந்தைய மாதச் சலானையும் பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் வந்த ஆட்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சலான் மட்டும் போதாது, வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டியதாகவும் இருக்கலாம்.

58 வயது முடிந்தவர் தொடர்ந்து வேலை பார்க்கிறார். மாற்றம் உண்டா?

உண்டு. 58 நிறைந்ததும் பென்ஷன் பங்கு நிற்க வேண்டும். உங்கள் 12% முழுவதும் அவருடைய பி.எஃப். கணக்குக்குப் போகட்டும். பழைய கோப்பை நகலெடுத்தே மாதாமாதம் ஏற்றுகிற இடங்களில் இது தவறிப்போகும், பிறகு பணத்தை ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அலைய வேண்டியிருக்கும்.

கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) இதுவும் ஒன்றா?

இல்லை. அது 10 பேர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தும், முழுக்க முதலாளி செலவு. பி.எஃப். கட்டுவதால் கிராஜுவிட்டி குறையாது.

புதிதாக ஆள் எடுத்தால் அரசு பணம் தருகிறது என்கிறார்களே?

பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனாவைச் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்குப் பொருந்தும். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை, சம்பளத்தைப் பொறுத்து, இரண்டு வருடம் கிடைக்கும். உற்பத்தித் துறைக்கு இன்னும் இரண்டு வருடம் நீளும். சலான் ஒழுங்காகப் போனால்தான் இதெல்லாம். ஊக்கத்தொகையை நம்பி ஆள் எடுக்க வேண்டாம், எடுக்க வேண்டிய ஆளுக்கு அது கிடைத்தால் நல்லது.

ஒருவரை எட்டு மாதமாகச் சேர்க்காமல் விட்டுவிட்டோம். இப்போது மொத்தமாக அவரிடம் பிடிக்கலாமா?

பிடிக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கான தொழிலாளி பங்கை அந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். தவறு உங்களுடையது என்பதால் பழைய மாதங்களின் இரண்டு பங்கும் உங்கள் கையிலிருந்தே போகும். கசப்பான பதில்தான். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே கணக்குப் போட்டுக் கட்டிவிடுவது செலவைக் குறைக்கும்.

வேலையை விட்டுப் போனவர் பணம் எடுக்க முடியவில்லை என்கிறார். எங்கள் வேலை என்ன?

விலகிய தேதியைப் பதிந்தீர்களா? பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும். இரண்டு மாதம் கழித்து அவரே பதிந்துகொள்ள இப்போது வசதி இருக்கிறது, ஆனால் அது அவர் வேலை இல்லை. கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போனவராக இருந்தாலும் தேதியைப் பதிந்துவிடுங்கள்.

எங்கள் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவர் வீட்டுக்குப் போய், என்னென்ன வர வேண்டும் என்பதை அவர் மனைவியிடம் சொல்லுங்கள். பல குடும்பங்களுக்கு பி.எஃப். மிச்சம் மட்டும்தான் தெரியும். உண்மையில் மூன்று உண்டு: கணக்கில் உள்ள தொகைக்குப் படிவம் 20, குடும்பப் பென்ஷனுக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். குடும்பப் பென்ஷனுக்குப் பத்து வருட சேவை தேவையில்லை. பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதப் பங்களிப்பு கட்டியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு, 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு.

இறப்புச் சான்றிதழ், மனைவியின் ஆதார், அவர் பெயரில் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். இ-நாமினேஷன் (பணம் யாருக்கு என்று இணையத்தில் முன்பே பதிவது) செய்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டியிருக்கும். படிவங்களில் முதலாளி சான்றளிக்கும் பகுதியை அன்றே நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், "ஆடிட்டர் வரட்டும்" என்று தள்ளாதீர்கள். கடைசி மாதம் அவர் வேலை பார்த்தது நாலே நாள் என்றாலும் அந்த நாலு நாள் சம்பளத்துக்கும் கணக்குப் போட்டு, அடுத்த சலானில் அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.